மரபணுவுக்கு வெளியே ஒளிந்திருக்கும் நோய்: எலியும் அழுங்கும் நம் இரத்தத்தைப் பற்றிச் சொல்வது என்ன?

செராஸ், பண்டார் துன் ரசாக் பக்கம் போய்வருகிறவர்களுக்குத் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையைத் தெரியாமல் இருக்காது. ‘எச்.யூ.கே.எம்.’ என்ற பழைய பெயரிலேயே இன்றும் பலர் அதைச் சொல்கிறார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கழகம் இருப்பதும் செராஸில்தான். 2003-இல் தொடங்கப்பட்ட இந்தக் கழகம் ‘மலேசியன் கோஹோர்ட்’ என்ற பெரிய ஆய்வை நடத்துகிறது. 2006 முதல் 2012 வரை, 35 வயதிலிருந்து 70 வயது வரையிலான 106,527 மலேசியர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லா இனத்தவரும் தங்கள் இரத்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனை பேரின் இரத்தத்தைச் சேர்த்துவைப்பதன் நோக்கம் எளிது. நீரிழிவும் இதயநோயும் புற்றுநோயும் யாருக்கு வருகின்றன, ஒரே மாதிரி சாப்பிட்டு ஒரே தாமானில் வாழும் இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகின்றன என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். காரணத்தின் ஒரு பகுதி டி.என்.ஏ.வில் இருக்கிறது. ஆனால் அங்கே தேடப் போன உலக ஆய்வாளர்களுக்குக் காத்திருந்தது ஓர் ஆச்சரியம். பொதுவான நோய்களோடு தொடர்புடையவை என்று கண்டறியப்பட்ட டி.என்.ஏ. மாற்றங்களில் பத்தில் ஒன்பது பங்கு, மரபணு புரதத்தை எழுதும் பகுதியிலேயே இல்லை.

நம் சமூகத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இரண்டாம் வகை நீரிழிவுக்கான மரபுக் காரணங்களில் மிக வலுவானதாக அறியப்படுவது டி.சி.எஃப்.7எல்2 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றம். 2006-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் இந்த மரபணுவைச் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த ஆண்டே சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனம் அதே தொடர்பு அந்நகர மக்களிடமும் இருப்பதைக் காட்டியது. ஆனால் அந்த மாற்றம் புரதத்தின் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. மரபணுவின் நடுவே, புரதம் செய்யும்போது வெட்டி எறியப்படும் இடைப்பகுதியில் அது உட்கார்ந்திருக்கிறது.

வெட்டி எறியப்படும் பகுதியில் ஓர் எழுத்து மாறினால் என்ன கெட்டுவிடும்? அதைத் தெரிந்துகொள்ள, மனிதனை மட்டும் படித்தால் போதாது. எலியையும் நாயையும் திமிங்கிலத்தையும் வௌவாலையும் கூடவே வைத்துப் படிக்க வேண்டும்.

310 கோடி எழுத்தில் எது முக்கியம்?

மனித டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள். புரதத்தை எழுதும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் புரதமாக மாறும் பகுதியை மட்டும் சேர்த்துப் பார்த்தால் மொத்தத்தில் ஒன்றரை விழுக்காடுகூடத் தேறுவது கடினம். மிச்சமெல்லாம் என்ன? 1972-இல் சுசுமு ஓனோ என்ற மரபியலாளர் ‘குப்பை டி.என்.ஏ.’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அதை முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. மிச்சத்தில் பெரும்பகுதி, தன்னைத்தானே பிரதி எடுத்துப் பெருகிய பழைய துணுக்குகளின் எச்சம்தான். சிக்கல் என்னவென்றால், அந்தக் குவியலுக்குள்ளேயே உயிரைக் காக்கும் துண்டுகளும் கலந்து கிடக்கின்றன. எழுத்தை மட்டும் பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது.

பிரிக்கும் வழியைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்குவது சுலபம். உ.வே.சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பித்தபோது ஒரே நூலின் பல ஏட்டுச்சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். பிரதி எடுக்கும் ஒவ்வொரு கையிலும் பிழை நேரும். டி.என்.ஏ.வும் தலைமுறைதோறும் பிரதி எடுக்கப்படுகிறது, பிழையும் நேர்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. பிழையான சுவடி பரணில் கிடந்து பிழைத்துக்கொள்ளும். முக்கியமான இடத்தில் பிழையான டி.என்.ஏ.வைப் பெற்ற உயிர் பிறக்காமலே போகலாம், அல்லது சந்ததி இல்லாமல் மறையலாம். அந்தப் பிழை அத்தோடு அழிந்துவிடும். ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் ஓர் இடம் மாறாமல் இருந்தால், அங்கே மாறியவர்கள் நிலைக்கவில்லை என்று பொருள்.

மனிதனும் எலியும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்து சுமார் 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. யாரும் கவலைப்படாத இடங்களில், அதாவது மாறினாலும் கேடு விளையாத இடங்களில், ஏறக்குறைய மூன்றில் ஓர் எழுத்து இரண்டுக்கும் இடையே வேறாகிவிட்டது. 2002-இல் எலியின் முழு டி.என்.ஏ. வரிசை வெளியானபோது இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக மாறியிருந்த பகுதி சுமார் 5 விழுக்காடு. புரதம் எழுதும் பகுதியோ ஒன்றரை விழுக்காடுதான். அப்படியானால் காக்கப்பட்டு வந்த எழுத்துகளில் பெரும்பங்கு மரபணுவின் புரதப் பகுதிக்கு வெளியே இருக்கிறது!

இரண்டே சுவடிகளை வைத்துப் பார்த்தால் மாறாதது எது, மாறத் தற்செயலாக வாய்ப்புக் கிடைக்காதது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சுவடிகள் கூடக் கூடத் தெளிவு கூடும். 2023 ஏப்ரலில் வெளியான ‘ஸூனோமியா’ ஆய்வு 240 பாலூட்டி இனங்களின் டி.என்.ஏ.வை வரிசையாக வைத்து ஒப்பிட்டது. மனித டி.என்.ஏ.வில் குறைந்தது 10.7 விழுக்காடு இப்படிக் காக்கப்பட்டு வந்திருக்கிறது என்பது அதன் கணக்கு. 2012-இல் ‘என்கோட்’ என்ற திட்டம் 80 விழுக்காட்டுக்கு ஏதோ ஒரு செயல் உண்டு என்று அறிவித்துப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது நினைவிருக்கலாம். ஒரு புரதம் வந்து தொட்டாலே ‘செயல்’ என்று எண்ணியதால் வந்த எண் அது. பரிணாமம் எதைக் கைவிட மறுத்தது என்று கேட்கும் கணக்கே கூடுதல் நம்பிக்கைக்குரியது.

இந்த வேலையில் மலேசியாவுக்கும் பங்கு உண்டு. மலாய்மொழியில் தெங்கிலிங் எனப்படும் அழுங்கின் முழு டி.என்.ஏ. வரிசையை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு 2016-இல் வெளியிட்டது. பல்லில்லாத, செதில் போர்த்திய இந்த விலங்கு பாலூட்டிகளில் தனிக்கிளை. ஒப்பிடுவதற்குத் தூரத்துச் சொந்தத்தின் சுவடியும் வேண்டும். கள்ளக் கடத்தலால் அழிந்துவரும் ஒரு விலங்கோடு சேர்ந்து மறைவது அதன் செதில் மட்டுமன்று.

அண்டை நாடான சிங்கப்பூர் இன்னும் பின்னோக்கிச் சென்றது. நோபெல் பரிசு பெற்ற சிட்னி பிரென்னரும் பைரப்பா வெங்கடேஷும் அங்கே ஃபூகு என்ற நச்சு மீனை எடுத்துக்கொண்டார்கள். அதன் டி.என்.ஏ. மனிதனுடையதில் எட்டில் ஒரு பங்குதான், மரபணுக்களோ ஏறத்தாழ அதே அளவு. குவியல் சிறியது என்றால் தேடுவது எளிது அல்லவா? அதற்கும் முன்பே நம்மைவிட்டுப் பிரிந்த யானைச் சுறாவோடு 2006-இல் ஒப்பிட்டபோது, புரதம் எழுதாத ஆனால் மாறாத துண்டுகள் ஆயிரக்கணக்கில் மனிதனிடமும் அந்தச் சுறாவிடமும் ஒரே மாதிரி இருப்பதைக் காட்டினார்கள்.

மரபணு நன்றாக இருக்கிறது, ஆனாலும் இரத்தசோகை

இதெல்லாம் ஆய்வகத்தோடு நின்றுவிடும் செய்தி அல்ல என்பதற்குத் தலசீமியாவே சாட்சி.

இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகைச் சங்கிலிகள் உண்டு. ஆல்ஃபா சங்கிலிக்கு ஒருவரிடம் நான்கு மரபணுக்கள் இருக்கும். தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து இரண்டு. இவற்றில் சில இல்லாமல் போவதே ஆல்ஃபா தலசீமியா. ஒன்று இல்லாவிட்டால் பெரும்பாலும் தெரியவே தெரியாது. மூன்று இல்லாவிட்டால் ‘ஹீமோகுளோபின் எச்’ நோய். இரத்தசோகை, மண்ணீரல் வீக்கம், சிலருக்கு இரத்தம் ஏற்றும் தேவை எல்லாம் வரும். நான்கும் இல்லாவிட்டால் குழந்தை கருவிலேயே நீர்கோத்து இறந்துவிடுகிறது.

1990 வாக்கில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் டக்ளஸ் ஹிக்ஸின் குழுவுக்கு ஒரு புதிர் கிடைத்தது. ஆல்ஃபா தலசீமியா உள்ள ஒருவரின் மரபணுக்களைச் சோதித்தால் எல்லாமே இருந்தன. ஓர் எழுத்தும் பிசகவில்லை. ஆனாலும் ஒரு பக்கத்து மரபணுக்கள் வேலை செய்யவில்லை. காரணம், அவற்றுக்குப் பல்லாயிரம் எழுத்து தொலைவில் 62,000 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டுக்குள் ஒரு விசை இருந்தது. வீட்டில் மின்விளக்கு நல்ல நிலையில் இருந்தும் சுவிட்ச் பிடுங்கப்பட்டிருந்தால் எரியாது, அதே கதைதான். அந்த விசைக்கு எச்.எஸ்.-40 என்று பெயர் வைத்தார்கள். அது இருப்பது, ஹீமோகுளோபினோடு எந்தத் தொடர்பும் இல்லாத அண்டை மரபணு ஒன்றின் இடைப்பகுதிக்குள். அடுத்த வீட்டுச் சுவரில் நம் வீட்டுச் சுவிட்ச்!

அந்தப் பகுதியில் வேறு விசைகளும் உண்டா என்று தேட அதே குழு பின்னர் ஒப்பீட்டு முறையைக் கையாண்டது. 2005-இல் வெளியான அந்த ஆய்வில் ஆல்ஃபா மரபணுக்களைச் சுற்றியுள்ள 238,000 எழுத்துகளை 22 உயிரினங்களில் அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். பரிணாம அளவில் அது 50 கோடி ஆண்டு வரலாறு. பெரும்பாலான இடங்கள் இனத்துக்கு இனம் சிதறிக் கிடக்க, சில நூறு எழுத்து நீளமுள்ள சில துண்டுகள் மட்டும் பாறைபோல் அப்படியே நின்றன. எச்.எஸ்.-40 அவற்றில் ஒன்று. அதோடு சேர்த்து இன்று நான்கு விசைகள் ஆல்ஃபா மரபணுக்களுக்கு உரியவையாக அறியப்படுகின்றன. ‘பல இனங்களில் காக்கப்பட்ட வரிசை’ என்பதே அவற்றின் அதிகாரபூர்வப் பெயர். சிவப்பணு உருவாகும் வேளையில் டி.என்.ஏ. வளைந்து, தொலைவில் உள்ள இந்த விசைகள் மரபணுவின் அருகே வந்துசேர்கின்றன. உடனே மரபணு விழித்துக்கொள்கிறது.

ஆறு விரலும் பாம்பின் காலும்

கையில் ஆறு விரலோடு குழந்தை பிறந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆறாம் விரலுக்குக் காரணங்கள் பல. சுண்டுவிரல் பக்கம் முளைப்பதன் கதை வேறு. கட்டைவிரல் பக்கம் கூடுதல் விரல் முளைக்கும் சில குடும்பங்களில் மட்டும் காரணம் ஸெட்.ஆர்.எஸ். எனப்படும் ஒரு விசையில் நேர்ந்த ஒற்றை எழுத்துப் பிழை என்று 2003-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்த விசை சுமார் 800 எழுத்து நீளம். கை கால் வளர்ச்சியில் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணுவை எங்கே எப்போது திறக்க வேண்டும் என்று சொல்வது இதன் வேலை. அந்த மரபணுவுக்கும் இதற்கும் இடையே சுமார் பத்து லட்சம் எழுத்துத் தொலைவு. மனிதன் முதல் மீன் வரை இது காக்கப்பட்டு வந்திருக்கிறது. எழுத்தாளர் ஹெமிங்வே பெயரால் அறியப்படும் ஆறுவிரல் பூனைகளுக்கும் இதே விசையில்தான் பிழை.

பாம்புக்குக் கால் கிடையாது. அப்படியானால் இந்த விசை அதனிடம் என்ன ஆகியிருக்கும்? 2016-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் எலியின் ஸெட்.ஆர்.எஸ்.ஸை எடுத்துவிட்டு மலைப்பாம்பு, ராஜநாகம் ஆகியவற்றின் விசையைப் பொருத்தினார்கள். பிறந்த எலிகளுக்குக் கால்கள் வெறும் குட்டைக் கட்டைகளாக நின்றுவிட்டன. பாம்புகளிடம் இந்த விசையிலிருந்து 17 எழுத்துகள் உதிர்ந்துபோயிருந்தன. அவற்றை மலைப்பாம்பின் விசையில் திரும்பச் சேர்த்து எலிக்குக் கொடுத்ததும் கால்கள் முழுதாக வளர்ந்தன. பயன்படாத இடம் பராமரிப்பின்றிச் சிதையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மாறாததெல்லாம் அவசியமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. 2004-இல் மனிதன், எலி, பெருச்சாளி இனத்து ‘ராட்’ ஆகிய மூன்றிலும் 200 எழுத்துக்கு மேல் ஒன்றுகூடப் பிசகாமல் ஒத்திருக்கும் 481 துண்டுகள் கண்டறியப்பட்டன. இவை போனால் உயிரே போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2007-இல் அவற்றில் நான்கை ஒவ்வொன்றாக எலியிலிருந்து நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் பிறந்தன, வளர்ந்தன, குட்டியும் போட்டன. ஒப்பீட்டு முறையையே சந்தேகிக்க வைத்த முடிவு அது. 2018-இல் வேறு சில துண்டுகளை நீக்கி மூளையை நுணுக்கமாக ஆராய்ந்தபோதுதான் குறைகள் தெரிந்தன. ஆய்வகக் கூண்டில் வேளைக்கு உணவு கிடைக்கும் எலிக்குச் சின்னக் குறை பொருட்டில்லை. காட்டில் பல்லாயிரம் தலைமுறைக்கு அது பொருட்டு.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை உண்டு. மாறும் இடமெல்லாம் ஆபத்தில்லாதது என்று நினைப்பது தவறு. மெலனேசியாவில் ஒருவகை ஆல்ஃபா தலசீமியாவுக்குக் காரணம் தேடியபோது, 2006-இல் அதே ஹிக்ஸ் குழு கண்டது ஓர் ஒற்றை எழுத்து மாற்றம். அது இருந்த இடம் எந்த இனத்திலும் காக்கப்படாத, சும்மா கிடந்த இடம். அந்த மாற்றம் அங்கே புதிதாக ஒரு விசை முனையை உருவாக்கி, ஆல்ஃபா மரபணுக்களுக்குப் போக வேண்டிய தூண்டுதலைத் தானே இழுத்துக்கொண்டது. எத்தனை விலங்குகளை ஒப்பிட்டாலும் இது சிக்கியிருக்காது. நோயாளியைப் படித்ததால்தான் சிக்கியது.

எலி எப்போதும் மனிதனுக்குச் சரியான சாட்சியும் அல்ல. 2008-இல் விஜய் சங்கரனும் ஹார்வர்டைச் சேர்ந்த சக ஆய்வாளர்களும், கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கிவைப்பது பி.சி.எல்.11ஏ என்ற புரதம் என்று காட்டினார்கள். அந்த அடக்குமுறையைத் தளர்த்தினால் பீட்டா தலசீமியா நோயாளிக்குக் கரு ஹீமோகுளோபின் கைகொடுக்கும். ஆனால் பி.சி.எல்.11ஏ மூளைக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் வேண்டும், அந்த மரபணுவையே அழிக்க முடியாது. சிவப்பணுவில் மட்டும் அதை இயக்கும் விசை ஒன்று கிடைத்தது. அதை வெட்டும் சிகிச்சையே ‘காஸ்ஜெவி’. பிரிட்டன் 2023 நவம்பரில் அதற்கு அனுமதி வழங்கியது. அமெரிக்கா 2024 ஜனவரியில் தலசீமியாவுக்கும் அனுமதித்தது. அங்கே அதன் அறிவிப்பு விலை 22 லட்சம் அமெரிக்க டாலர். அந்த விசையில் மனிதருக்கு மிக முக்கியமான துண்டும் எலிக்கு மிக முக்கியமான துண்டும் ஒன்றல்ல என்று 2015-இல் தெரியவந்தது. எலியை மட்டும் நம்பியிருந்தால் கத்தி தவறான இடத்தில் விழுந்திருக்கும்.

கிளினிக்கில் இதற்கு என்ன பொருள்?

மலேசியாவில் நான்காம் படிவ மாணவர்களுக்கு 2016 முதல் தலசீமியா பரிசோதனை நடந்துவருகிறது. முதலில் பார்ப்பது சாதாரண இரத்தப் பரிசோதனை. சிவப்பணு ஒவ்வொன்றிலும் உள்ள ஹீமோகுளோபின் அளவு 27-க்குக் கீழே இருந்தால் அடுத்த கட்டம். இரும்புச்சத்துக் குறைவாலும் இந்த எண் இறங்கும் என்பதால் அதையும் சரிபார்ப்பார்கள். பீட்டா வகையை ஹீமோகுளோபின் பகுப்பாய்வு காட்டிவிடும். ஆல்ஃபா வகையைத் தாங்கியிருப்பவருக்கோ அந்த அறிக்கை சாதாரணமாகவே வரலாம், டி.என்.ஏ. சோதனை தேவைப்படும்.

வழக்கமான டி.என்.ஏ. சோதனை, அடிக்கடி காணப்படும் இழப்புகளை மட்டுமே தேடும். சீனரிடையே அதிகம் உள்ள தென்கிழக்காசிய வகை ஒரே பக்கத்து இரு மரபணுக்களையும் விழுங்கிவிடுவது. இந்தியரிடையே பரவலானது ஒரு மரபணுவை மட்டும் இழக்கும் வகை. எச்.எஸ்.-40 விசை போனவரிடம் மரபணுக்கள் அப்படியே இருப்பதால் இந்தச் சோதனையில் ‘இல்லை’ என்றே பதில் வரும். அரிதான நிலைதான். ஆனால் அப்படிப்பட்ட ஒருவர், தென்கிழக்காசிய வகையைத் தாங்கியிருக்கும் ஒருவரை மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு குழந்தைக்கு ஹீமோகுளோபின் எச் நோய் வரலாம். இந்தியர், சீனர் கலப்புத் திருமணங்கள் சாதாரணமாகிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் இது ஏட்டுக்கணக்கு அல்ல.

இரும்புச்சத்து சரியாக இருந்து, ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் வழக்கமான டி.என்.ஏ. சோதனையும் ஒன்றும் காட்டாமல், அந்த எண் மட்டும் தொடர்ந்து 27-க்குக் கீழேயே இருந்தால், விசைப் பகுதியையும் சேர்த்து அளக்கும் ‘எம்.எல்.பி.ஏ.’ என்ற சோதனை உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதியர் இருவரின் இரத்த அறிக்கையையும் ஒன்றாக எடுத்துச் சென்று, அது தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.